துலுக்காணத்தின் போன்

பெயர்: ஏகாம்பரம். வயது: 61. தகப்பனார் பெயர்: கன்னையா, காலமாகிவிட்டார். சொந்த ஊர் நகரி. தற்போது வசிப்பது சித்தூர், கட்டமஞ்சி, வாடகை அறை. தொழில்: மாம்பழக் கூழ் கம்பெனியில் கேட் வாட்ச்மேன். வாக்குமூலம் கொடுத்த நாள் 21.06.2023, இடம் திருப்பதி. எனக்குத் தெலுங்கு நன்றாகவே பேச வரும். ஆனாலும் இந்த விஷயத்தைத் தமிழில்தான் சொல்ல முடியும் என்று நான் கேட்டுக்கொண்டதால், தமிழ் தெரிந்த ஏட்டு எழுதிக்கொள்கிறார்.

நானும் இறந்துபோன துலுக்காணமும் நகரியில் ஒரே பட்டறையில் இருபத்திரண்டு வருடம் பவர்லூம் ஓட்டினோம். இருபத்து நான்கு தறி ஓடும் சத்தத்தில் பேச்சு கேட்காது. வாயை மட்டும் அசைப்போம், எதிரில் இருப்பவனுக்குப் புரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தறி கெட்டிருக்கிறது என்று சொல்லுகிற காது எனக்கு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் வரும் விஷயத்துக்கு வேண்டும். அதன் பிறகு முதலாளி தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சித்தூருக்கு வந்து கூழ் கம்பெனியில் வாட்ச்மேன் வேலையில் சேர்ந்து, ஒரே அறையில் தங்கினோம். என் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகன் வெங்கட் துபாயில் ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை பேசுவான், லைன் கிடைத்தால். துலுக்காணத்தின் மனைவி ருக்மணி நகரியிலேயே இருந்தாள். அவன் வாரம் ஒரு முறை போய் வருவான்.

அதன் பிறகு போனில் அரசியல் பேச்சு கேட்கும் பழக்கம் வந்தது. நான் கேட்டது தமிழ் நிகழ்ச்சி, பேசுகிறவர் பெயர் செங்கல்வராயன். மாதம் நூற்றைம்பது ரூபாய் கட்டினால் மெம்பர். துலுக்காணம் கேட்டது தெலுங்கு நிகழ்ச்சி, பேசுகிறவர் பெயர் கிரண்குமார். அதற்கு மாதம் நூறு ரூபாய். இரண்டும் காலை ஆறு மணிக்கு வரும். ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு பல் தேய்ப்போம்.

போன வருடம் ஜூலை கடைசியில், மாங்காய் விலை இறங்கி விவசாயிகள் ரோட்டில் கொட்டிய சமயம், எங்களுக்குள் சண்டை வந்தது. அரசாங்கம் கம்பெனிகளிடம் விலைபோய்விட்டது என்று என் ஆள் சொன்னார். அரசாங்கத்தின் மேல் தப்பே இல்லை, எதிர்க்கட்சிதான் தூண்டிவிடுகிறது என்று அவன் ஆள் சொன்னார். கேட் பக்கத்து டீக்கடையில் நாலு பேர் முன்னால், உன் ஆள் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறான் என்று நான் சொன்னேன். அவனும் அதையே திருப்பிச் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது. "காசு குடுத்து பொய் கேட்டுக்கினு கீற. உனக்கு சுயபுத்தி எப்ப இருந்துது?" என்றேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "என்னுது நூறு ரூபா, உன்னுது நூத்தம்பது. யார்ரா ஏமாந்தவன்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் வேறு அறைக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு பத்து மாதம் நாங்கள் பேசவில்லை. தினமும் பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது அவன் கேட் சாவியை ரிஜிஸ்டர் மேல் வைப்பான், நான் எடுத்துக்கொள்வேன். ஜனவரி மாதத்தில் ஒரு நாள், பொங்கல் கழிந்த பிறகு, சாவியை வைத்துவிட்டு அவன் போகாமல் நின்றான். வாயை அசைத்தான். "துன்னியா?" என்று கேட்டான். பட்டறையில் தறிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் கேட்பது அதுதான். என் காதில் இயர்போன் இருந்தது, ஆனால் அதைப் புரிந்துகொள்ளக் காது வேண்டியதில்லை. நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போய்விட்டான்.

ஜூன் 2ஆம் தேதி துலுக்காணம் நகரிக்குப் போன இடத்தில் நெஞ்சுவலியில் இறந்துவிட்டதாக சூப்பர்வைசர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பஸ் பிடித்து நகரி போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வாய்க்கரிசி போட எனக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு 17ஆம் தேதி கருமாதிக்குப் போனேன். சாப்பாடு முடிந்ததும் ருக்மணி அவன் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "காலீல ஆறு மணியானா இது அதுவா பேசுது ணா. அவருதான் எழுந்து போன் போட்டுக்கினாருன்னு நானும் எழுந்து வந்துடறேன். இத்த நிறுத்திக் குடு" என்றாள். நிறுத்த எனக்குத் தெரியவில்லை, சித்தூரில் கடையில் காட்டித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அது பேசியது. அந்தத் தெலுங்கு நிகழ்ச்சியை என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. கிரண்குமார் கனத்த குரலில் பேசினார். குரலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நாலு சுற்றுக்கு ஒரு தரம் டக்கென்று இடித்தது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக செங்கல்வராயன் பேசும்போது பின்னால் இடிக்கிற மின்விசிறி அது. என் போனை எடுத்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். குரலை மாற்றிக்கொள்ளலாம், மின்விசிறியை என்ன செய்வது? எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கு முன்னால் நாக்கால் ஒரு சொடுக்கு, அதுவும் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. சோறும் பொங்கவில்லை.

இன்று, 21ஆம் தேதி, மெம்பர் ரசீதில் இருந்த விலாசத்தைத் தேடித் திருப்பதிக்கு வந்தேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. காலை சுமார் 11 மணி. உள்ளே போனதும் முதலில் ஆளைப் பார்க்கவில்லை, மின்விசிறியைத்தான் பார்த்தேன். இடித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், அதை மறைக்க மாட்டேன். இரண்டும் நீங்கள்தானே என்று கேட்டேன், ஆமாம் என்றார். இது தொழில், தமிழுக்கு ஒருத்தர் எழுதிக் கொடுக்கிறார், தெலுங்குக்கு வேறொருத்தர் எழுதிக் கொடுக்கிறார், நான் படிக்கிறேன் என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: இரண்டு நிகழ்ச்சியிலும் ஒரே ஒரு தடவை, இரண்டும் நான்தான் என்று சொல்லிவிடு. துலுக்காணம் பெயரையும் சொல். அவர் சிரித்துவிட்டு, "பெரியவரே, தமிழ்ல கேக்கறவங்க வேற, தெலுங்குல கேக்கறவங்க வேற. ரெண்டையும் கேக்கறவங்க எங்க இருக்காங்க?" என்றார். "நகரிக்கு வந்து பாரு, வூட்டுக்கு வூடு கீறாங்க" என்றேன். ஆறு மாதச் சந்தாவைத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் போனை எடுத்தார்.

அதன் பிறகு நான் மூலையில் இருந்த இரும்பு ஸ்டாண்டை எடுத்து மின்விசிறியில் அடித்தேன். இறக்கை வளைந்து கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. மைக்கை நான் உடைக்கவில்லை, அதன் மேலும் இறக்கைதான் விழுந்தது. ஆளை நான் தொடவில்லை. கொல்லுவேன் என்று சொன்னதாக அவர் புகாரில் எழுதியிருப்பது பொய். நான் ஓடவும் இல்லை, போலீஸ் வரும் வரை அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நஷ்டம் எவ்வளவோ கட்டுகிறேன்.

இதற்கெல்லாமா காசு கொடுத்துக் கேட்பார்கள் என்று எஸ்.ஐ. அய்யா கேட்டார். காலை ஆறு மணிக்கு என் அறையில் யாராவது ஒருத்தர் "வணக்கம்" சொல்கிறார்கள். அதற்கு நூற்றைம்பது ரூபாய் பெரிதில்லை என்று இருந்துவிட்டேன். அரசியல் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று துலுக்காணத்திடம் வாதாடியது வீம்பு.

ஏட்டு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு, சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். துலுக்காணத்தின் போனில் தெலுங்கு நிகழ்ச்சிக்குப் பக்கத்திலேயே என்னுடைய தமிழ் நிகழ்ச்சியும் இருந்தது. டிசம்பர் மாதத்திலிருந்து அதற்கும் நூற்றைம்பது கட்டி மெம்பராக இருந்திருக்கிறான். ஒவ்வொரு நாள் பேச்சையும் கடைசி வரை கேட்டிருக்கிறான் என்று போனிலேயே காட்டுகிறது. மின்விசிறியை அவன் கவனித்தானா தெரியாது, அவனுக்கு என் அளவு காது கிடையாது. நான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு வேறு வழி இல்லை. அந்தப் பத்து மாதத்தில் அவனுடையதை ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.

என்னிடமிருந்து எடுத்த இரண்டு போனில் என்னுடையதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். துலுக்காணத்தின் போனை ருக்மணியிடம் கொடுத்துவிட வேண்டும். அதை யாராவது தினமும் சார்ஜில் போட வேண்டும். ஆறு மணிப் பேச்சை நிறுத்திவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன், ஆனால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதை அவளிடம் சொல்லிக்கொள்ளும் வரை யாரும் நிறுத்த வேண்டாம்.

எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னது எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் சேரவில்லை, அத்தனையும் நடந்தது. யாரும் மிரட்டி வாங்கவில்லை.

(ஒப்பம்) க. ஏகாம்பரம்