கராகூனிஸ் ரத்தம்

— அப்ப காபிக் கடை பூரா சொல்லிட்டுத்தான் வந்திருக்கே, பந்தெலி?

— சொல்லாம? சீட்டாட்டத்தையே நிறுத்திட்டானுங்க, ஸ்மாரோ. பாதிரியார்கூட எழுந்து வந்து தோளைத் தட்டினாரு. எனக்கு மட்டும் ரெண்டு கிளாஸ் சிப்புரோ சாராயம் ஊத்தினாங்க.

— புருஷனுக்கு ரத்தம் சட்டுனு உறையுற கோளாறுன்னா ஊத்திக் குடுப்பாங்களா?

— கோளாறு இல்லடி, மரபணு! மருந்துக்கடை லியோந்தி ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துட்டு விளக்கமாச் சொன்னான். இது இருக்கிற வீட்டுல கரு சட்டுனு தங்கிடுமாம். அஞ்சு புள்ளைங்க சும்மாவா வந்துச்சு? எங்க கராகூனிஸ் குடும்பத்து ரத்தம்டி!

— தங்கிடும்னு சொன்னானா, தங்கலாம்னு சொன்னானா?

— ...தங்கலாம்னுதான். இன்னும் ஆராய்ச்சி பண்றாங்களாம். அந்த 'லாம்'ஐ மட்டும் கடையில கொஞ்சம் மெதுவாச் சொன்னேன்.

— அஞ்சையும் பெத்தது நான். சிப்புரோ உனக்கு.

— கோவிச்சுக்காதே. நிலமும் நல்ல நிலம்தான். ஆனா விதைன்னு ஒண்ணு...

— போதும். அந்தக் காகிதத்தை எடு. படிக்கறப்ப கண்ணாடி போட்டியா?

— எதுக்கு? என் பேரு எனக்குத் தெரியாதா?

— இப்பப் போட்டுக்கிட்டு குடும்பப் பேரை எழுத்துக் கூட்டிப் படி.

— க... ரா... கூ... னி.

— அப்புறம்?

— அவ்ளோதான்.

— 'ஸ்' எங்க?

— அச்சடிக்கறவன் தின்னுட்டான்.

— ஆம்பளைன்னா கராகூனிஸ், பொம்பளைன்னா கராகூனி. நம்ம கடைக்குட்டிக்குக்கூடத் தெரியும். ஒரே உறையில ரெண்டு காகிதம் இருந்துச்சு, ராசா. என்னோடதைத் தூக்கிட்டு ஓடிட்டே.

— ஐயோ, மாதாவே! அப்ப என்னோடது?

— உன் ரத்தம் ஓடை மாதிரி ஓடுதாம். உன் கால் வீக்கத்துக்கு பூட்ஸை ஒரு அளவு பெரிசா வாங்கச் சொல்லியிருக்காரு டாக்டர்.

— இனி பாதிரியார் மூஞ்சில எப்படி முழிப்பேன்? ...இரு. கால் வீங்கினது எனக்கு. உனக்கு எதுக்கு ரத்தம் எடுத்தாங்க?

— எங்கக்காவுக்குப் பிரசவத்தப்ப கால்ல ரத்தம் கட்டிக்கிச்சுல்ல? அதைச் சொன்னேன், உடனே எடுத்துட்டாங்க.

— உயிருக்கு ஆபத்தா? சிரிக்காதே ஸ்மாரோ, சொல்லு.

— கவனமா இருந்தாப் போதுமாம். தினம் வயித்துல ஒரு ஊசி. நீதான் போட்டுவிடணும்.

— போடறேன். கண்ணை மூடிக்கிட்டாவது போடறேன். எத்தனை நாளைக்கு?

— இந்த ஆறாவது பொறக்கிற வரைக்கும்.