கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில்

— இங்க குடு, தொட்டுப் பாக்கறேன்... இது ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல வர்ற குழாய்.

— எந்தப் பக்கம் உள்ள போகும்?

— பள்ளம் இருக்கிற பக்கம் பெல்ட்டைப் பாத்து.

— நல்லவேளை. தலைகீழா மாட்டியிருப்பேன்.

— நீ சட்டையையே உள்பக்கம் வெளியில போட்டுட்டு வர்ற ஆளு.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— உன் தோள்ல கை வச்சுத்தானே நடக்கறேன். தையல் கையில படுது.

— லேத்துக்குன்னா கேக்கறதுக்கு ஆள் இருக்கு மாமா. லேத்துல மாட்டி இரும்பைத் தேய்க்கிற இந்த கிரைண்டருக்குப் புத்தகமும் இல்ல, படமும் இல்ல, செஞ்ச கம்பெனியும் இல்ல. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு.

— யாரை, என்னையா?

— ஐயோ... வாய் தவறி வந்துடுச்சு.

— வரட்டும் மாப்ள. ஏழு வருஷமா என் முன்னாடி 'பாத்தீங்களா'ன்னுகூட நீ கேக்கறதில்ல. அதுக்கு இது தேவலாம்.

— அன்னைக்கு இதைக் கழட்டினவங்களாவது ஒழுங்கா வச்சிருக்கலாம். எல்லாத்தையும் சாக்குல கொட்டிட்டாங்க.

— அன்னைக்கு அவங்க ரத்தத்தோட கிடந்த என்னைத் தூக்குவாங்களா, இதை அடுக்கி வைப்பாங்களா?

— குழாயை உள்ள விட்டாச்சு மாமா.

— சரி, சுத்திப் பாரு. கரகரங்குதா?

— இல்ல. வெண்ணெய் மாதிரி போகுது.

— கிரீஸ் கெட்டியாகிக் கிடந்துச்சே.

— ஒரு வாரம் டீசல்ல ஊறுச்சு. பேரிங் புதுசு, பெல்ட் புதுசு, கல்லும் புதுசு.

— கல்லைத் தட்டிப் பாத்தியா?

— நீங்களே கேளுங்க... எப்படி?

— ம். கணீர்னு இருக்கு. விரிசல் இல்ல.

— அப்ப மாட்டிடறேன்... ஒரு நிமிஷம்... நட்டும் இறுக்கியாச்சு. இனிமே ஷாஃப்டைத் தேய்க்க வெளியில அனுப்பிட்டுப் பத்து நாள் காத்துக் கிடக்க வேணாம்.

— இரு. என் கையைக் கல்லு மேல வை... இன்னும் உள்ள... மாப்ள.

— ம்?

— இரும்பு வாஷர் நேரா கல்லு மேல உக்காந்திருக்கு.

— ஆமா.

— நடுவுல அட்டை வைக்கல?

— இல்ல.

— ஏன்?

— ஏன்னா கேக்கறீங்க?

— ரெண்டு பக்கமும் ஒரு அட்டை வெட்டிப் போட்டுடு. காலண்டர் அட்டை போதும்.

— மாட்டேன்.

— சொன்னாக் கேளு...

— வேற எது சொன்னாலும் கேப்பேன். அன்னைக்கு அட்டை வச்சு மாட்டினது நான். அட்டை அமுங்கி, நட்டு தளர்ந்து, கல்லு ஆடித் தெறிச்சுது. திரும்பவும் வைக்கச் சொல்றீங்க.

— அப்படின்னு யாரு சொன்னா?

— நீங்கதான். ஆஸ்பத்திரியில. கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டு 'அட்டையை வச்சுட்டான்'னு சொன்னீங்க. அக்கா பக்கத்துல நின்னா.

— மயக்கத்துல ஏதாவது...

— அக்கா என் சட்டையைப் பிடிச்சு, 'என் புருஷன் கண்ணைப் பிடுங்கிட்டியேடா'ன்னா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. நான் வந்தா எழுந்து உள்ள போயிடறா. அவளும் மயக்கத்துலயா சொன்னா? விடுங்க. பெல்ட்டை மாட்டறேன்.

— இன்னைக்கு வேணாம். கரண்ட் ஒரு மாதிரி இருக்கு.

— கரண்டுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு.

— தலை வலிக்குது மாப்ள. என்னை வீட்டுல கொண்டுபோய் விடு.

— ரெண்டே நிமிஷம். நீங்க கதவுகிட்ட போய் நில்லுங்க.

— நீ?

— நான் இங்கதான்.

— இங்கன்னா? கல்லுக்கு நேராவா? ஓரமா நில்லு!

— அன்னைக்கு நீங்க நின்ன இடத்துலதான் நிப்பேன்.

— பைத்தியமா உனக்கு?

— எனக்குத் தெரியணும் மாமா. அட்டை இல்லாம ஒழுங்கா ஓடினா, தப்பு என்னோடதுதான்னு முடிஞ்சுடும்.

— ஓடலேன்னா?

— ஓடலேன்னாலும் முடிஞ்சுடும்.

— டேய்...

— கல்லு மேல இருந்து கையை எடுங்க. சுவிட்சைப் போடணும்.

— எடுக்க மாட்டேன்.

— விளையாடாதீங்க மாமா.

— போடு. முதல்ல என் விரல் போகட்டும்.

— என்னதான் வேணும் உங்களுக்கு?

— நீ... நீ சரியாத்தான் மாட்டியிருந்த.

— என்ன?

— அட்டை வச்சதால நட்டு ரெண்டு மரைதான் ஏறியிருந்துச்சு. எனக்கு அது போதாதுன்னு பட்டுது. நீ அந்தப் பக்கம் போனதும் கழட்டினேன். ரெண்டு அட்டையையும் உருவிக் கீழ போட்டுட்டு, வெறும் இரும்பை வச்சு இறுக்கினேன். கடைசி சுத்துல கல்லு விரிசல் விட்ட மாதிரி சின்னதா ஒரு சத்தம் வந்துச்சு. கேட்டும் சுவிட்சைப் போட்டேன். இப்ப நீ மாட்டி வச்சிருக்கியே, இதே மாதிரி.

— ஏழு வருஷமா... நான்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

— தெரியும்.

— ஒரு நாள்கூடவா சொல்ல வாய் வரல?

— சொல்லியிருந்தா என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக யாரு வருவா? மாப்ள... இருக்கியா? எங்க நிக்கற?

— இங்கதான். அக்காவுக்குத் தெரியுமா?

— அவளை ஏன் இழுக்கற...

— தெரியுமா, தெரியாதா?

— மறுநாள் இங்க ரத்தத்தைக் கழுவினது அவதான். கீழ கிடந்த அட்டை ரெண்டும் கசங்காம அவ கையிலதான் கிடைச்சுது. நீ வந்தா அவ எழுந்து உள்ள போறது அதுலேர்ந்துதான்.