சத்தமில்லாத நடைவழி

ஹோட்டலுக்குத் தரை தேர்ந்தெடுக்க என் கடைக்கு வருகிறவர்கள் கண்ணால் பார்த்து வாங்குகிறார்கள். காதால் கேட்டு வாங்க வேண்டும் ஐயா. கிரானைட் பளபளக்கும், ஆனால் யார் வந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மரப்பலகை முனகும். டைல்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், என் வீட்டில் அதுதான்.

என் மனைவிக்குக் காது கூர்மை. நான் படியேறும்போதே உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிடும். கதவைத் திறந்தால் முகம் வெளுத்துப்போய்ச் சுவரோரம் நிற்பாள். ஒருநாள் உதட்டில் துணியை ஒற்றிக்கொண்டே, "நீங்க வர்ற சத்தம் கேட்டாலே எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. குறை தரையில்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. மாற்றிவிடலாம் என்று அளவுகூட எடுத்தேன். அதற்குள் அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய அண்ணன் என் கடைக்கு வந்தார். "மாப்பிள்ளை, உங்க கால்ல வேணாலும் விழறேன். அவள விட்டுடுங்க. எங்கயோ ஒரு மூலையில உசுரோட இருந்துட்டுப் போகட்டும்."

"பாத்து விழுங்க மச்சான், கல்லுத் தரை" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார். அந்தக் குடும்பத்துக்கே சிரிக்கத் தெரியாது.

நான் அவளைத் தேடி அலையவில்லை. எங்கள் தொழிலில் எல்லா ஹோட்டலுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. ஒரு ஹோட்டலின் மேல்மாடி நடைவழியில், பணிப்பெண் சீருடையில், தரை துடைத்துக்கொண்டிருந்த அவள் முதுகைப் பார்த்தேன். என் ஷூ அந்தக் கல்லில் பட்டதும் அவள் தோள் இறுகியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். வேறு யாரோ என்று தன்னையே தேற்றிக்கொண்டாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கை மறுபடி வேலை செய்தது. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். பாவம், அங்கேயும் அவளுக்கு அந்தப் பயம்.

அந்த மாடியைப் புதுப்பிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். "கல்லே இருக்கட்டுமே, தொடைக்க சுலபம்" என்றார்.

"கல்லு ஆளக் காட்டிக்கொடுத்துடும் சார். உள்ள தூங்கறவங்க பயந்து முழிச்சுக்குவாங்க."

ஒத்துக்கொண்டார். இருப்பதிலேயே தடிமனான கம்பளி விரிப்பைத் தேர்ந்தெடுத்தேன், அடியில் மெத்தென்று இன்னொரு அடுக்கு. விரித்து முடித்ததும் ஷூவோடு ஓடிப் பார்த்தேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

புதுக் கம்பளத்துக்கு ஒரு பக்குவம் உண்டு. தினமும் ஒரே திசையில் இழையை வாரிவிட வேண்டும். வாரிய இடத்தை மிதிக்கக் கூடாது என்பதால் பின்னால் நடந்துகொண்டே வார வேண்டும். மேற்பார்வை பார்க்கும் அம்மாவிடம் சொல்லிக்கொடுத்தேன். அவர் அந்த மாடிப் பணிப்பெண்ணிடம் சொன்னார். மோட்டார் இல்லாத உருளை பிரஷ் போதும், விருந்தாளிகள் பகலில் தூங்குவார்கள் என்றேன். லிப்ட் பக்கம் ஆரம்பித்து, கோடியில் இருக்கும் துணி அறை வாசலில் முடிக்கச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் பின்படி வழியாக ஏறி, பின்கதவால் துணி அறைக்குள் நுழைந்து, அதன் வாசலில் கம்பளத்தின்மேல் நின்றேன். அவள் தூரத்தில் வாரத் தொடங்கியிருந்தாள். அடி அடியாகப் பின்னால் வந்தாள். தோள் இறுகவே இல்லை. வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். என் வீட்டில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

அவள் முதுகு என் நெஞ்சில் வந்து பட்டது. "மன்னிச்சுக்கங்க சார், பாக்கல" என்றாள். பிறகு குனிந்து என் ஷூவைப் பார்த்தாள். பாட்டு நின்றது. அவள் நடுக்கம் மட்டும் என் நெஞ்சுவரை வந்தது. அதற்குப் பிறகு அவள் கழுத்தில் இருந்தவை என் கைகள்தான். நான் மறுக்கவில்லை.

புதுக் கம்பளம் காலடித் தடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்கிறவன் நான். எனக்கே அது மறந்துபோயிற்று. உங்கள் போலீஸ்காரர்கள் அந்தத் தடத்தைப் படம் எடுத்திருக்கிறார்கள். நல்லதுதான். இன்னொரு முறை பாருங்கள் ஐயா. என் இரண்டு பாதமும் வாசலிலேயே நிற்கின்றன. அவளை நோக்கி நான் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. அவளாகத்தான் என்னிடம் திரும்பி வந்தாள்.