றெஜினோல்டுக்கு ஒரு கல்

மழை பெய்த மறுநாள் காலையில் போனால் பழைய கல்லறைகளை வாசிப்பது சுகம். வெயில் சாய்வாக விழும். தேய்ந்துபோன எழுத்துகூட நிழல் கட்டி எழும்பி நிற்கும். லண்டனில் பதினாறு வருடம் நான் அப்படித்தான் வாசித்தேன்.

எனக்கு வேலை ஒரு ரயில்வே அலுவலகத்தில். மனைவி எழுபத்தொன்பதில் காலமானாள், பிள்ளைகள் இல்லை. விடுமுறை நாட்களை எப்படியாவது கழிக்க வேண்டியிருந்தது. இந்த ஊருக்கு வந்து செத்துப்போன எங்கள் ஆட்களைத் தேடத் தொடங்கினேன். கப்பலில் வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், திரும்பிப் போகாதவர்கள். நகரக் கவுன்சில் மயானங்களின் பதிவேடுகள், தேவாலயப் புத்தகங்கள், நாட்டில் இறந்தவர் எல்லோருடைய பெயரும் வரிசையாக இருக்கும் கறுப்பு அட்டை மரணச் சுட்டிகள் என்று ஒன்றையும் விடவில்லை. செவன் கிங்ஸிலிருந்தும் குரோய்டனிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்பார்கள். வைத்தியநாதன் அண்ணை தேடினால் கிடைக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

செபமாலைமுத்து மாஸ்டர் என்னிடம் வந்தது தொண்ணூற்றொன்று ஒக்டோபரில். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கோலியர்ஸ் வுட்டில் மகள் வசந்தமலர் வீட்டில் இருந்தார். கையில் ஒரு நீலக் கொப்பி. ஊர்க் கத்தோலிக்கக் கோயில் ஏடுகளைப் பார்த்துத் தன் குடும்பத்தின் ஆறு தலைமுறைப் பிறப்பு, கலியாணம், இறப்பு எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்திருந்தார். கடைசி மகன் றெஜினோல்டின் பெயருக்கு எதிரே மட்டும் பிறந்த தேதியோடு நின்றிருந்தது. எண்பத்துநாலில் அகதியாக லண்டன் வந்தவன். எண்பத்தேழோடு கடிதம் நின்றுபோயிற்று.

"இருக்கிறானோ இல்லையோ தெரியாது, தம்பி. எனக்கு இடம் தெரிஞ்சால் போதும்," என்றார்.

ஐந்து மாதம் தேடினேன். சனிக்கிழமைகளில் மாஸ்டர் என் வீட்டுக்கு வருவார். அந்த வாரம் எங்கெங்கே பார்த்தேன் என்று நான் சொல்வேன். ஊர்ச் சேமக்காலையில் யாருக்குப் பக்கத்தில் யார் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அவர் சொல்வார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என் அடுப்பில் இரண்டு பேருக்குச் சோறு வெந்தது. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மரணச் சுட்டியில் அவன் பெயர் இல்லை. அவன் சாகவில்லை. தெருவில் படுப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஒரு கன்னியாஸ்திரி அவனை நினைவு வைத்திருந்தார். நகரத்துக்கு வெளியே ஒரு மனநல மருத்துவமனையில் இருந்தான். மார்ச் மாதம் போனேன். தலைமயிரை ஒட்ட வெட்டி, சிகரெட்டால் விரல்கள் மஞ்சளாகி, யன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தமிழ் கேட்டு வருடக்கணக்காகியிருக்கும். முதலில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அப்பா இருக்கிறாரோ?"

"ஓம்."

"எனக்கு எழுத ஏலாமல் போட்டுது. நான் இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. வரச்சொல்லிக் கேக்கேல்லை. இருக்கிறன் எண்டு மட்டும்."

"சொல்லுறன்," என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். மாஸ்டர் ஒரு எஞ்சினியரை எதிர்பார்த்து அனுப்பியவர். அந்த விரல்களை அவர் பார்க்க வேண்டுமா? அவர் என்னிடம் கேட்டது ஓர் இடம். நான் நிதானமாகத்தான் யோசித்தேன்.

ஒரு மயானப் பதிவேட்டில், எண்பத்தெட்டு பெப்ரவரியில், உரிமை கேட்டு யாரும் வராததால் கவுன்சில் புதைத்த ஒருவர் இருந்தார். பெயர் தெரியாது, ஆசிய ஆண், வயது முப்பது மட்டில். அந்தப் பதிவுக்கு ஒரு பிரதியை வீட்டில் தட்டச்சில் அடித்தேன். பெயர் தெரியாது என்ற இடத்தில் றெஜினோல்டின் பெயரைப் போட்டேன். நீங்கள் விசாரித்து எழுதிப்போக வந்திருப்பது அந்தக் கடதாசியைப் பற்றி. அது என் வேலைதான்.

மாஸ்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கொப்பியைத் திறந்து தேதியை எழுதினார். வசந்தமலர் சுவரோடு சாய்ந்து அழுதாள். பூசை வைத்தார்கள். சிறிய கல் ஒன்றும் வைத்தார்கள். அதற்கான படிவங்களையும் நானே நிரப்பினேன்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. றெஜினோல்ட் என் விலாசத்துக்குக் கடிதம் போடத் தொடங்கினான், அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி. ஏழு கடிதம் வந்தது. அப்பாவும் அக்காவும் லண்டனில் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஓகஸ்டில் ஒரு மத்தியானம் போய், அப்பா ஊரில் காலமாகிவிட்டார் என்று சொன்னேன். மாஸ்டர் அந்நேரம் கோலியர்ஸ் வுட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சுதான் செத்தவரோ?" என்று கேட்டான்.

ஓம் என்றேன். அதில் அவனுக்கு ஆறுதல் கிடைத்தது, நான் கண்ணால் பார்த்தேன். பிறகு கடிதம் வரவில்லை.

தொண்ணூற்றாறில் அந்த மருத்துவமனையை மூடி, நோயாளிகளை வெளியே வீடுகளில் குடியமர்த்தினார்கள். சமூக சேவகி ஒருத்தி விசாரித்து வசந்தமலரைக் கண்டுபிடித்திருக்கிறாள். வசந்தமலர் எனக்கு போன் எடுத்தாள். அழவில்லை.

"அண்ணை, றெஜி என்ரை குசினிக்குள்ளை இருந்து தேத்தண்ணி குடிக்கிறான்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்பா உங்களுக்கு என்ன செய்தவர்? ஏன் அண்ணை?"

மாஸ்டரின் வேதனையைக் குறைக்கத்தான் என்று அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லலாம். மகன் கிடைத்திருந்தால் மாஸ்டர் சனிக்கிழமைகளில் அந்த வார்டுக்குப் போயிருப்பார். என்னிடம் வந்திருக்கமாட்டார். கல் வைத்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் இரண்டு பேரும் மயானத்துக்குப் போனோம். பூ நான் வாங்குவேன். குடை நான் பிடிப்பேன். ஈரப் பாதையில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அந்த ஒன்றரை வருடமும் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

தொண்ணூற்றுமூன்று நவம்பரில் அவருக்கு நியூமோனியா. வசந்தமலர் ஷிப்ட் முடிந்து வரும்வரை ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நான்தான் இருந்தேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும். மாஸ்டர் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தார்.

"றெஜி, வந்திட்டியோ?"

பத்து மைல் தூரத்தில் அவன் யன்னலோரம் இருந்தான். ஒரு போன் எடுத்திருக்கலாம். அதற்கு நேரமும் இருந்தது.

"ஓம், அப்பா," என்றேன். "வந்திட்டன்."

மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அதை மட்டும் பொய் என்று எழுதாதீர்கள். சாகும்போது அவர் பக்கத்தில் மகன் இருந்தான்.