பழக்கதோஷம்

தம்பி: அக்கா... கதவைத் திற.

அக்கா: யாரு?

தம்பி: அக்கான்னு கூப்பிடுறவன் தம்பியாத்தான் இருப்பான். பட்டப்பகல்ல எதுக்குத் தாழ்ப்பாள்?

அக்கா: மெதுவாப் பேசு. பின்னாடி யாரும் வரலையே? உள்ள வா... சீக்கிரம்.

தம்பி: ஜன்னலையும் சாத்தி வச்சிருக்க?

அக்கா: காய்ச்சல்டா. வெளிச்சம் கண்ணைக் குத்துது. அதை விடு, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேர்ந்து அந்த ஆபீசர் வந்தாரா? சோதனைக்குத் தண்ணி எடுத்தாரா?

தம்பி: எடுத்தாரு. ரெண்டு பாட்டில். சீல் வச்சு கையோட கொண்டு போயிட்டாரு.

அக்கா: அப்பாடா! கம்பெனிக்காரன் இனிமே கடல்ல கழிவைக் கொட்டட்டும் பாப்போம். கழிவுக் குழாய் வாய்கிட்டயே எடுத்தாரா? நாத்தம் தாங்கியிருக்காதே மனுஷனுக்கு?

தம்பி: நாத்தமா... காத்து அந்தப் பக்கமா அடிச்சுது...

அக்கா: ஷ்ஷ்... பைக் சத்தம்.

தம்பி: எதிர் வீட்டு வாத்தியார்க்கா. ஸ்டாண்ட் போடுறாரு. ஏன் இப்படி நடுங்குற?

அக்கா: காய்ச்சல்னு சொன்னேன்ல? நீ ஏன் முழிக்கிற? எங்கடா எடுத்தாரு தண்ணி?

தம்பி: ...பாறைத்திட்டுக்கு அந்தாண்ட.

அக்கா: அங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமேடா! குழாய் இந்தக் கோடியில, நீ அந்தக் கோடிக்கு...

தம்பி: பழக்கதோஷம்க்கா.

அக்கா: என்ன தோஷம்?

தம்பி: தூண்டில் போட வர்றவங்களை ஏத்திட்டுப் போறப்ப, மீன் விழுற இடத்தை எந்த கைடாவது நேராக் காட்டுவானா? சுத்திச் சுத்தித்தானே ஓட்டுவோம்? கை தன்னால திருப்பிடுச்சு...

அக்கா: கழுதை! அவரென்ன மீன் பிடிக்கவா வந்தாரு? எத்தனை கைடுங்க பொழப்பை விட்டுட்டு இந்த மனுவைத் தூக்கிட்டு அலைஞ்சோம்! வர்ற டூரிஸ்ட் எல்லாம் செத்த மீனை போட்டோ புடிச்சிட்டுப் போறான். இப்ப தண்ணி சுத்தம்னு ரிப்போர்ட் வந்தா கேஸை மூடிடுவாங்கடா. அப்புறம் நம்ம கடல் அவ்வளவுதான்.

தம்பி: தெரியும்.

அக்கா: தெரிஞ்சுமா? கோடாலிக்காம்பு! நான் போயிருக்கணும். உன்னை நம்பி அனுப்புனேன் பாரு... கம்பெனிக்காரன் என்னடா குடுத்தான் உனக்கு?

தம்பி: அக்கா! அந்த வார்த்தை மட்டும் சொல்லாத.

அக்கா: பின்ன?

தம்பி: நேத்து சாயங்காலம் ஒரு ஆளு வீட்டுக்கு வந்தான். கையில என் பாப்பாவோட தண்ணி பாட்டில். "ஸ்கூல் வேன்ல விட்டுட்டா சார், பிள்ளையைப் பத்திரமாப் பாத்துக்கங்க"ன்னான். சிரிச்சான்க்கா. பாட்டிலைத் தொடச்சு வேற குடுத்தான்...

அக்கா: வேன்லயா விட்டா?

தம்பி: வேன்ல விடவே இல்லையாம். கிளாஸ்ல டெஸ்க் மேல வச்சிருந்தேங்குறா. கிளாஸுக்குள்ளயே போயிருக்கான்! கடல் போனாப் போகட்டும், பிள்ளை வீடு வந்து சேர்ந்தாப் போதும்னு... திட்டு, நல்லாத் திட்டு. நீயா இருந்தா நேரா குழாய்க்கே ஓட்டியிருப்ப. உனக்கு இருக்குற தைரியம் எனக்கு இல்ல.

அக்கா: டேய்... அவன் பச்சை ஹெல்மெட்டா?

தம்பி: ஆமா. உனக்கெப்படித் தெரியும்?

அக்கா: எனக்குக் காய்ச்சலும் இல்ல, தைரியமும் இல்லடா. முந்தாநாள் என் பையனோட ஒத்தை ஷூவைக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனான். அதான்... போட் சாவியை உங்கிட்ட குடுத்தேன்.