ஐம்பத்தைந்தைத் தாண்டாத முள்

எங்கள் வீட்டில் வெயில் விழாத அறை ஒன்றே ஒன்றுதான், ஐயா. அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும்.

அந்த அறையில் அக்கா இருந்தாள். நான் பள்ளிக்கூடம் போகும்போதே அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். தையல் மெஷினை மிதித்து என்னை ஆளாக்கியவள் அவள்தான். மூன்று வருடங்களாகப் படுக்கை. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். விரலால் குழாயை மூடிக்கொண்டால்தான் பேச்சு வரும். சளி இறுகிக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, கட்டிலருகே நீராவி மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஹார்ப்சிகார்ட் என்பது பார்வைக்குப் பியானோவின் ஒல்லித் தங்கை மாதிரி இருக்கும். பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கும்; இதில் சிறிய நகம் ஒன்று தந்தியைச் சுண்டும். பதினாறு வயதில் ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அது வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இசைப்பள்ளியின் பழைய பியானோவில் விரல்களைப் பழக்கி வைத்திருந்தேன்.

ஹார்ப்சிகார்டைச் செய்கிற தச்சர் லேசில் விற்கமாட்டார். கருவியை ஒரு மாதம் நம் வீட்டில் விட்டுவைப்பார். கூடவே ஒரு பெட்டி. அதிலிருக்கும் முள், காற்றின் ஈரத்தை அளந்து தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். கோடு ஒரு தடவை ஐம்பத்தைந்தைத் தாண்டினாலும் கருவியை வண்டியில் ஏற்றிவிடுவார். ஈரம் ஏறினால் பலகை உப்பிக்கொள்ளும்; வெயில் பட்டால் வெடித்துவிடும்.

“பொண்ணக் குடுக்கிற மாதிரிதான் தம்பி. வீட்டப் பாக்காம யாராவது குடுப்பாங்களா?” என்றார்.

அக்காவை அடுத்த அறைக்கு மாற்றினேன். இடையில் ஒரு மரத் தடுப்பு மட்டும்தான். கருவிக்கு நான் போர்வை போர்த்துவதைக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, குழாயை மூடிக்கொண்டு, “கட்டிக்கிட்டு வர்றவளக்கூட நீ இப்படிப் போத்தி விடமாட்டடா” என்றாள். இருவரும் சிரித்தோம். அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. முள் ஐம்பத்து மூன்றில் நின்றது. தச்சருக்குப் போன் செய்தேன். நீராவி ஓடுகிற வீடு என்றால் கஷ்டம்தான், ஒன்று அது, இல்லையென்றால் இது என்றார். மெஷினைத்தான் சொன்னார், அவர்மேல் தப்பே இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பகலில் அவள் கண்ணயரும்போது ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தினேன். பிறகு இரண்டு மணி நேரம். முள் சொன்னபடி கேட்டது.

“மெஷின் சத்தமே கேக்கலயேடா?”

“சூடாகுதுக்கா. கொஞ்சம் ஓய்வு குடுத்திருக்கேன்.”

“சரி, நீ பாத்துக்க.”

அவள் என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அது வேலையைச் சுலபமாக்கியது.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. மறுநாள் காலை தச்சர் தாளைப் பார்க்க வருகிறார். அன்று விடிந்ததிலிருந்தே மழை. முள் ஐம்பத்து நான்கைத் தாண்டியிருந்தது. பத்து மணிக்குப் பிளக்கைப் பிடுங்கினேன். கதவைச் சாத்தி, கீழிடுக்கில் துணியைச் சுருட்டி அடைத்தேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் நீராவி இல்லாமல் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. மறந்துபோனேன் என்று சொல்லமாட்டேன்.

மூன்று மணி வாக்கில், நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, தடுப்பில் தட்டும் சத்தம் கேட்டது. அக்காவுக்கு இசை தெரியாது. ஆனாலும் தாளம் போடுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவள் தட்டு என் வாசிப்புக்குப் பின்தங்கியதால் வேகத்தைக் குறைத்தேன். அவள் இன்னும் மெதுவாகத் தட்டினாள். நானும் இன்னும் மெதுவாக வாசித்தேன். அத்தனை வருடங்களில் நாங்கள் இருவரும் அப்படிச் சேர்ந்து எதையும் செய்ததில்லை, ஐயா.

பிறகு தட்டல் நின்றது. எனக்கு இன்னும் இரண்டு பக்கம் மீதி இருந்தது. பிடித்துப்போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று, அவசரப்படாமல் வாசித்து முடித்தேன்.