துரைப்பேட்டை மதில்

மதிலை எதுக்கு இடிச்சேன்னா மொதல்ல இருந்துதான் சொல்லணும் சாமி. நடுவுல ஆரம்பிச்சா நான் குத்தவாளி ஆயிடுவேன். தாலூகாவுக்கே அதிகாரி, அமல்தாரா இருந்தாலும் ஊருக்கு நீங்க புதுசு. அந்தக் கல்லு மேல உக்காருங்க. வரிசையாச் சொல்றேன்.

மொத அநியாயம், படித்துறை. காவேரிக்கரையில பட்டாளத்தை எறக்கின வெள்ளக்காரன் அதைக் குதிரை குளிப்பாட்ட எடுத்துக்கிட்டான். ரெண்டாவது, சமைக்கவும் வெளுக்கவும் எங்க பாட்டனுங்களை மதராஸ் பக்கத்துல இருந்து இந்தக் கன்னடச் சீமைக்கு ஓட்டிட்டு வந்து, ஊருக்குத் துரைப்பேட்டைன்னு பேரு வச்சான். பேட்டையைக் கட்டினது துரையா? மூணாவது, இந்தக் கல்லறைத் தோட்டம். மேட்டுல, மதிலுக்குள்ள அவங்க. வெளியே ஆத்துச் சரிவுல நாங்க. ஒரே கோயில், ஒரே பூசை, செத்தா மட்டும் ரெண்டு சாதி. இந்த மதிலைக் கட்டின கொத்தனே எங்கப்பாதான். அவரும் வெளியேதான்.

எங்களுக்குக் கல்லு நட அனுமதி இல்ல. அதனால ஒரு வழக்கம் வச்சுக்கிட்டோம். குழியில எறக்கும்போது பேரை ஒரக்கப் படிப்போம், ரெண்டு பேர் திருப்பிச் சொல்லணும். அந்த ரெண்டு பேருதான் கல்லு. யாரு எங்க கெடக்காங்கன்னு சாகிறவரைக்கும் அவங்க ஞாபகம் வச்சிருக்கணும்.

நாலாவது, இருபத்திநாலாம் வருசத்து வெள்ளம். ஆத்தைக் குத்தம் சொல்லமாட்டேன், எங்களைச் சரிவுல படுக்க வச்சவனைச் சொல்றேன். உள்ளே ஒரு பூ நனையல. வெளியே குழியெல்லாம் ஆறு வாரிட்டுப் போச்சு, எங்க ஆளுங்க ரெண்டாந்தரம் செத்தாங்க. அப்பாவும் போயிட்டாரு.

அஞ்சாவதுதான் பெருசு. சொதந்திரம் வந்துச்சு. போராட்டத்துல ஜெயிலுக்குப் போனவன், வெளியே வந்த கையோட கல்லறைக் கமிட்டிகிட்டப் போனேன். சாவி இப்ப நம்மாளு இடுப்புல. அவரு சொல்றாரு, உள்ளே வெள்ளக்காரங்களுக்கு ஒதுக்கினது சூசைநாதா, இன்னும் யாராவது வரலாம்னு. அஞ்சு வருசமா சாக வரப்போற துரைக்கு எடம் போட்டு வச்சிருக்காங்க சாமி.

போலீசா? கூப்பிடுங்க. தடியடி எனக்குப் புதுசில்ல.

அந்த வண்டியில படுத்திருக்கிறதா? சீக்காளி இல்ல சாமி, சீக்கு எல்லாம் நேத்தோட சரி. என் சம்சாரம். விடியக்காலைல போயிட்டா. நான் ஜெயில்ல இருந்தப்ப ஊரெல்லாம் நோட்டீசு ஒட்டினவ. குழி உள்ளேதான் தோண்டியிருக்கு, மேட்டுல. இடிச்ச கல்லுல ஒண்ணு அவ தலைமாட்டுக்கு.

சாட்சிக்கு ஆத்துல பரிசல் ஓட்டுற கெம்பையன் வந்திருக்கான். கன்னடக்காரன், தமிழ் வராது, பேரு சொல்ல வரும். இன்னொருத்தன் பயந்துகிட்டு வரல. அதான் உங்களை உக்காரச் சொன்னேன். எந்திரிங்க சாமி, தொப்பியைக் கழட்டுங்க. இதோ பேரு எழுதின பலகை. நான் படிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் திருப்பிச் சொல்லுங்க.

செலின்.